ஏழாம் எண் பாட்டில்

என் பேராசிரியைக்கு இந்தியா என்பது ஒரு தெரு. அந்தத் தெருவில் கோயமுத்தூரும் காரைக்காலும் எதிரெதிர் வீடுகள். "உன் ஊர்ப்பக்கம்தானே, போய்விட்டு வா" என்றார். நாங்கள் இருந்தது ஐரோப்பாவின் வடகோடியில், ஜூலை மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஊர். வெயிலுக்குப் போகச் சொன்னால் மறுக்கிற மனநிலையில் நான் இல்லை.

எங்கள் ஆய்வு குடிதண்ணீரில் இருக்கும் ஆர்சனிக் பற்றியது. ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் இரண்டு கர்ப்பிணிகளில் ஒருத்தியின் உடம்பு அந்த விஷத்தைச் சீக்கிரம் மாற்றிச் சிறுநீரில் வெளியே தள்ளிவிடும். இன்னொருத்தியின் உடம்பு அரசாங்க அலுவலகம் மாதிரி நிதானமாக வேலை பார்க்கும். இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு மரபணுவில் இருக்கிறது. ஆர்சனிக் மிகுந்த வங்காளத்து ஆற்றுப்படுகைப் பெண்களின் மாதிரிகள் எங்களிடம் நிறைய இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க, அதே போல ஆற்றுப்படுகையில் வாழ்ந்து, அதே போல மூன்று வேளையும் சோறு தின்று, ஆனால் நல்ல தண்ணீர் குடிக்கும் பெண்கள் வேண்டும். பேராசிரியை வரைபடத்தில் காவிரி கடலில் சேரும் இடத்தில் விரலை வைத்தார். விரல் நகம் காரைக்காலை மறைத்தது.

நான் அதற்கு முன் அந்த ஊரைப் பார்த்ததில்லை. சிறுவாணி குடித்து வளர்ந்தவர்களுக்கு மற்ற ஊர்த் தண்ணீரெல்லாம் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. காரைக்காலைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அங்கே போய்விட்டுத் திரும்பும் ஆண்கள் பேருந்தில் பையை மடியிலேயே வைத்துக்கொள்வார்கள் என்பது மட்டும்தான்.

முதல் நாள் பேருந்தில் என் ஐஸ் பெட்டிக்கு நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "மீன் பெட்டிக்குக் கட்டாயம் போடணுங்க." பெட்டி காலி என்று திறந்து காட்டினேன். "இப்ப காலி. போறப்ப மீன் இருக்கும்ல?" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். போகும்போது அதில் என்ன இருக்கும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

விடுதிக்காரர் நான் ஐரோப்பாவிலிருந்து வருவதாக அறிந்ததும் எழுந்து நின்று, "பிரான்சுங்களா?" என்றார். இல்லை, வேறு நாடு என்றேன். உட்கார்ந்துவிட்டார். காரைக்காலில் ஐரோப்பா என்றால் ஒரே நாடுதான். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

அன்று மாலை கடைத்தெருவில் வாடா என்று ஒன்று தின்றேன். அரிசி மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் ஓர் இறாலை அழுத்திப் பொரித்தது. எங்கள் ஊரில் வடைக்கு நடுவில் ஓட்டை இருக்கும். இங்கே அந்த இடத்தை வீணாக்கவில்லை. மூன்று தின்றுவிட்டு, நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கோட்டுச்சேரிமேட்டுக்கு என்னை அழைத்துப் போனவர் ராணி. அந்தப் பகுதியின் சுகாதார நர்ஸ். ஐம்பதை நெருங்குகிறவர். அவர் போகிற வழியிலெல்லாம் யாராவது ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். கடலோரக் கிராமம். சுனாமிக்குப் பிறகு கட்டிய சமுதாயக் கூடத்தில் கர்ப்பிணிகளும் அவர்களுடைய மாமியார்களும் உட்கார்ந்திருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு அவர்களைக் கணக்கெடுக்காதவர்கள் யாரும் பாக்கியில்லை. அதனால் நேராகவே கேட்டார்கள்.

"நீங்க படகு குடுப்பீங்களா, வலை குடுப்பீங்களா?"

எதுவும் கொடுக்கமாட்டேன், உங்களிடமிருந்து சிறுநீரும் எச்சிலும் வாங்கிக்கொண்டு போவேன் என்றேன். இப்படி ஒரு திட்டத்தை அவர்கள் அதுவரை கண்டதில்லை. ஆர்வம் கூடியது.

ஆர்சனிக் என்றால் பாஷாணம் என்று விளக்கினேன். சிலர் உடம்பு அதைத் தள்ளிவிடும், சிலர் உடம்பு அவ்வளவு சீக்கிரம் தள்ளாது, அது பிறவியிலேயே அமைவது என்றும் சொன்னேன். எளிமையாகச் சொல்லிவிட்டதில் எனக்குத் திருப்தியாக இருந்தது. என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று சில தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு கவலை இருந்தது. கடல் மீனிலும் இறாலிலும் நண்டிலும் வேறு வகை ஆர்சனிக் உண்டு. உடம்புக்குக் கெடுதி இல்லாதது. மூன்று நான்கு நாளில் சிறுநீரோடு போய்விடும். ஆனால் முதல் கட்டச் சோதனையில் இயந்திரம் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். அதனால் மாதிரி கொடுக்கும் முன் சில நாள் மீன் சாப்பிடக்கூடாது. இதை மீனவர் கிராமத்தில் எப்படிச் சொல்வது?

"அதுக்கு ஏன் தலையப் பிச்சுக்கிறீங்க?" என்றார் ராணி. "அம்மன் கோயிலுக்குக் காப்பு கட்டியாச்சு. தீமிதி முடியற வரைக்கும் ஊர்லயே கவுச்சி கெடையாது. கடலுக்கே யாரும் போவல."

பார்த்தேன். படகுகள் கரையில் வரிசையாக நின்றன. எல்லா வீட்டிலும் கத்தரிக்காய்ச் சாம்பார் மணத்தது. என் ஆய்வுக்காக ஒரு தெய்வம் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தது. இதைப் பேராசிரியைக்கு எழுதியபோது, உள்ளூர்ப் பண்பாட்டை நான் நன்றாகப் புரிந்துவைத்திருப்பதாகப் பாராட்டிப் பதில் வந்தது.

ரகசியம் காக்கவேண்டும் என்பது விதி. அதனால் பாட்டில்களில் பெயர் எழுதவில்லை, எண் மட்டும்தான். பெண்கள் தத்தம் எண்ணைப் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவைத்தார்கள். எச்சில் வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. விருந்தாளி முன்னால் துப்ப யாருக்கும் மனம் வரவில்லை. ராணி ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து நடுவில் வைத்தார். அதற்குப் பிறகு எச்சில் பிடிக்கும் குழாய்கள் போதவில்லை.

ஏழாம் எண் வளர்மதி. ஆறு மாதம். விழிதியூரில் விவசாயக் குடும்பத்துப் பெண், காரைக்காலில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்த இடத்தில் சேகர் என்கிற மீனவப் பையனைக் கட்டிக்கொண்டவள். அன்றோடு பிறந்த வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. இதற்கு முன் இரண்டு கர்ப்பம் கலைந்துவிட்டது. குழாயைத் திருப்பிக் கொடுக்கும்போது தணிந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, தண்ணியில ஏதும் இருந்துச்சுன்னா, முன்ன போன ரெண்டுக்கும் அதான் காரணமா இருக்குங்களா?"

அவள் வீட்டுத் தெருக்குழாய்த் தண்ணீரை அங்கேயே சோதித்தேன். ஆர்சனிக் இருந்தால் சோதனைத் தாள் மஞ்சளாகும், அதிகம் இருந்தால் பழுப்பாகும். தாள் வெள்ளையாகவே இருந்தது. "நல்ல தண்ணிங்க" என்றேன். அவள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் நல்லது என்று கேட்டு முகம் வாடிய ஒருத்தியை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சங்கடமாக இருந்தது.

மாதிரிகளைச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்காகத் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ரயிலடிக்கு ஆட்டோவில் போனேன். எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். காரைக்காலிலிருந்து வெளியே போகும் ஐஸ் பெட்டி, உள்ளே மஞ்சள் நிறத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன பாட்டில்கள். காவலர் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சரக்கும்மா இது? லேபிளே இல்ல?"

சொன்னேன். நம்பவில்லை. மூடியைத் திறந்தார். மோந்து பார்க்க வேண்டாம் என்றேன். பார்த்தார். பிறகு பாட்டிலை இருந்த இடத்தில் பக்குவமாக வைத்து, மூடியைத் திருகி, "போயிட்டு வாங்க" என்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். ஆட்டோக்காரர் ரயிலடி வரை கண்ணாடியில் பெட்டியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். திரும்பும்போது பின்சீட்டில் செய்தித்தாள் விரித்துவைத்திருந்தார்.

சில நாள் கழித்துச் சென்னையிலிருந்து போன் வந்தது. கோட்டுச்சேரிமேட்டில் என் செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது படகுகள் நிற்கும் இடத்தில் மட்டும்தான். அங்கே கடல் சத்தம். கத்தித்தான் பேச வேண்டும். "ஏழாம் நம்பரா? ஏழு மட்டுமா? மத்ததெல்லாம் சரியா இருக்குதா? அவ்வளவு ஆர்சனிக்கா?" என்று நான் கத்தியதை வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ரகசியம் காக்கும் விதி அத்துடன் முடிந்தது. நான் தெருவுக்குள் நுழைவதற்கு முன் செய்தி நுழைந்துவிட்டது.

வளர்மதி வீட்டுக்கு வெளியே கூட்டம். குழாய், குடம், பானை என்று எல்லாத் தண்ணீரையும் மறுபடி சோதித்தேன். எல்லாத் தாளும் வெள்ளை. அதுதான் வினையாகிவிட்டது. சேகரின் அக்கா தனம், பக்கத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டவர், தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"தண்ணி எல்லாருக்கும் ஒண்ணு. சோறும் ஒண்ணு. இவளுக்கு மட்டும் விஷம் நிக்கிதுன்னா என்ன அர்த்தம்? நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க, சில பேரு ஒடம்பு தள்ளாது, அது பொறவியிலயே வர்றதுன்னு. வயக்காட்டு ஒடம்பு. இந்தக் கொலத்துப் புள்ளையத் தாங்கல. ரெண்டு போனது அதனாலதான்."

நான் சொன்னதைத்தான் சொன்னார். ஒரு வரி தவறவிடவில்லை. ஆனால் கொண்டுபோய்ச் சேர்த்த இடம்தான் வேறு.

"அப்படி இல்லீங்க. மரபணுவ வச்சு ஒருத்தரப் பத்தி எதுவும் சொல்ல முடியாதுங்க. ஆயிரம் பேர ஒண்ணாப் பாத்தாத்தானுங்க ஏதாச்சும் தெரியும். அந்த முடிவு வரவே மாசக்கணக்காகுமுங்க."

"ஆயிரம் பேருல இவளும் ஒருத்திதானே" என்றார் தனம்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தத் தெருவில் நின்று சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

வளர்மதியை விழிதியூருக்கு அனுப்பிவிடுவது, பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வரட்டும், அதுவரை இங்கே வேண்டாம் என்று பேச்சு ஓடியது. மறுநாள் உறவுக்காரர்களும் ஊர்த் தலைவரும் கூடி முடிவு செய்வதாக ஏற்பாடு. விழிதியூரில் அவளுக்குக் கதவு திறக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். சேகர் திண்டாட்டத்தோடு நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றார். வளர்மதி கதவைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வயிற்றில் கையை வைத்தபடி இருந்தாள். ஓர் எண்ணைப் போனில் கத்தியதற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன். மீன் ஏதாவது சாப்பிட்டாயா? "காப்பு கட்டியிருக்கையில எப்படிக்கா?" என்று கேட்டுவிட்டு என் செருப்பைப் பார்த்தாள்.

கொல்லையில் மாமியார் அஞ்சம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அதிகம் பேசாதவர், ஒல்லியானவர், வலது மணிக்கட்டில் மஞ்சள் கட்டிய காப்புக் கயிறு. ஊர் சார்பாகக் காப்பு கட்டிக்கொள்ளும் சில பேரில் அவரும் ஒருவர். வருடாவருடம் தீக்குழியில் பெண்கள் வரிசையில் முதலில் இறங்குகிறவர் என்று ராணி சொல்லியிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன். கடல் மீன் சாப்பிட்டிருந்தால் இந்த எண் ஏறும். அது கெடுதி இல்லாத சரக்கு, நான்கு நாளில் தானாகப் போய்விடும். சாப்பிடவில்லை என்றால் எனக்குக் காரணம் தெரியாது.

அவர் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்த நண்டுல இருக்கறது புள்ளைய ஒண்ணும் பண்ணாதுங்களா?"

நான் நண்டு என்று சொல்லவே இல்லை. "பண்ணாதுங்கம்மா" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உண்மை எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை. காப்பைக் கட்டிக்கொண்டு கவுச்சியைத் தொட்டவர் அந்த ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார் என்பதும் எனக்குப் புரிந்தது.

மறுநாள் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தனம்தான் ஆரம்பித்தார். விஷம், வம்சம், வயக்காடு என்று பேச்சு சுற்றி வந்து, ஆட்டோ எத்தனை மணிக்குச் சொல்லலாம் என்கிற இடத்துக்கு வந்தபோது அஞ்சம்மா உள்ளேயிருந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நாந்தான் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு தருமபுரத்துல என் தங்கச்சி ஊட்டுக்கு அழச்சிட்டுப் போயி, நண்டு வாங்கிக் கொழம்பு வச்சுக் குடுத்தேன். அவ வாயத் தொறந்து கேக்கல. நண்டு நண்டுன்னு தூக்கத்துல பொலம்புனா. வயித்துப்புள்ளக்காரி ஆசப்பட்டுக் கெடைக்கலன்னா புள்ளைக்குக் காது வடியும். ரெண்டு போயிருக்கு, இதுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுன்னு குடுத்தேன்."

ஊர்த் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"காப்பு கட்டுனது நீங்கதானே அக்கா?"

"நாந்தான்."

"அப்ப இந்த வருசம் குழியில எறங்க வேண்டாம்."

"எறங்கல" என்றார் அஞ்சம்மா. கயிற்றுக்கு அடியில் விரலை விட்டு அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. கடைசியில் வளர்மதி வந்து பல்லால் இழுத்து அவிழ்த்தாள். மாமியாரின் மணிக்கட்டில் முகம் வைத்தவள் அப்படியே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஆய்வாளர் அழக்கூடாது என்று விதி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆட்டோ சொல்லவில்லை. ஆனால் தனம் பாயைச் சுருட்டும்போது என்னிடம் கேட்டார். "சரி. நண்டு விஷம் ஒண்ணும் பண்ணாதுங்கறீங்க. தண்ணியும் நல்ல தண்ணி. அப்ப முன்ன ரெண்டு போனது எதுல?"

"தெரியலீங்க" என்றேன்.

"அதான்" என்றார் தனம். அந்த ஒரு சொல்லைத் தெரு முழுக்க எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஏழாம் எண்ணுக்கு மறுபடி மாதிரி எடுத்தோம். இந்தத் தடவை அந்த வீட்டில் அரிசியும் கீரையும் தவிர எதுவும் உள்ளே போகவில்லை, அஞ்சம்மா காவல் இருந்தார். சாவடியில் அதே காவலர். என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை ஆட்டிப் போகச் சொன்னார். பேராசிரியைக்கு நடந்ததை எழுதினேன். சுவாரஸ்யமாக இருப்பதாகவும், ஏழாம் எண்ணின் முதல் மாதிரியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும்படியும் பதில் வந்தது.

தீமிதி அன்று காலை சென்னையிலிருந்து போன் வந்தது. மற்றவர்களைப் போலவேதான் இருந்தது வளர்மதிக்கும். இந்தத் தடவையும் படகுகள் பக்கம் நின்று, வேண்டுமென்றே கத்திப் பேசினேன். ஆனால் வலைகளுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. எல்லோரும் கோயிலில் இருந்தார்கள்.

சாயங்காலம் கோயில் திடலில் நிற்க இடமில்லை. குழியில் தணல் சிவப்பாகக் கிடந்தது. பெண்கள் வரிசையில் முதல் இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். அஞ்சம்மா தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், வேடிக்கை பார்க்க வந்த எங்களோடு நின்றார். கையில் காப்புக் கயிறு இருந்த இடம் வெளுத்திருந்தது. புதுச் சோதனையைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வளர்மதி தலையை ஆட்டினாள். அஞ்சம்மா குழியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ரெண்டு போனது ஏன்னு தெரியலன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்கம்மா. நெசமாவே தெரியலீங்க. பல பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாதுங்க."

"நீங்க தெரியலங்கறீங்க. இவுங்க அத இவதான்னு எடுத்துக்கிறாங்க. வாங்க."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைக்செட் போட்டிருந்த பந்தலுக்குப் போனார். அங்கே ஒருவர் நன்கொடை தந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா பேசணும்" என்றார் அஞ்சம்மா. அவர் தட்டாமல் மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் வளர்மதியைப் பார்த்தேன். அவளுடைய சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. "பேரச் சொல்லியே சொல்லுங்கக்கா" என்றாள். எங்கள் ஆய்வின் நெறிமுறைக் குழு அந்தப் பக்கமெல்லாம் வருவதில்லை.

ஒலிபெருக்கிகள் கடற்கரை வரை கட்டியிருந்தார்கள். என் கோயமுத்தூர்த் தமிழ் அவ்வளவு தூரம் கேட்டது எனக்கே கூச்சமாக இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. வளர்மதியோட ரெண்டாவது சோதனை வந்திருச்சுங்க. உங்க எல்லாரையும் போலத்தான் இருக்குதுங்க. முன்னால ரெண்டு கொழந்தை தங்காமப் போனது ஏன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. யாருக்கும் தெரியாதுங்க. அவ எந்தத் தப்பும் பண்ணலீங்க."

மைக்செட்காரர் நன்றி சொல்லி மைக்கை வாங்கி, தொலைந்துபோன ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றி அறிவிக்க ஆரம்பித்தார். கூட்டத்தில் சில தலைகள் திரும்பின, சில திரும்பவில்லை. நான் பந்தலைவிட்டு இறங்கப் போனேன். வளர்மதி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, அந்தக் கடைசியா சொன்னத மட்டும் இன்னொரு தடவ சொல்றீங்களா?"

கைக்கடிகாரம் முடியும் வரை காத்திருந்து, மைக்கைக் கேட்டு வாங்கி, மறுபடி சொன்னேன்.